கைக்கு வேலை வைக்காதீர்கள்

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை ஒன்றை நடத்துகிறேன். இரவில் வசூல் பணத்தோடு திரும்ப வேண்டியிருப்பதால், டெக்சஸ் அரசின் ‘லைசென்ஸ் டு கேரி’ உரிமம் வாங்கிக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் குடும்பத்தோடு ஐ-10 நெடுஞ்சாலையில் வரும்போது, வேகமாகப் போனதாக ஒரு காவலர் நிறுத்தினார். ஓட்டுநர் உரிமமும் காப்பீட்டு அட்டையும் கேட்டார். காப்பீட்டு அட்டை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பெட்டியில் இருந்தது, துப்பாக்கியும் அங்கேதான். மறைக்கக் கூடாது என்று எண்ணி, ‘கன் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறக்கப் போனேன். அவர் சட்டென்று பின்வாங்கி, தன் துப்பாக்கியில் கை வைத்து, அசையாதே என்று கத்தினார். என்னை இறக்கி வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். பத்து வயது மகள் உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் குற்றவாளி போல நின்றது இன்னும் மனத்தை அறுக்கிறது. இருபது நிமிடம் கழித்து எச்சரிக்கைத் தாள் ஒன்றையும், தோட்டா கழற்றிய துப்பாக்கியையும் கொடுத்து அனுப்பினார். நான் செய்தது தவறா? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இது இடைஞ்சலாகுமா? கோடையில் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரிலேயே போக இருக்கிறோம். வழியில் யாராவது நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும்? துப்பாக்கியே வேண்டாம், விற்றுவிடுங்கள் என்கிறாள் மனைவி. எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் அவ்வப்போது இந்த வண்டியை எடுத்துப் போவான். அவன் என்னைவிடப் பயந்த சுபாவம் உள்ளவன். அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியோடு இருக்கும்போது காவலர் அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்கிறது டெக்சஸ் அரசுச் சட்டத் தொகுப்பின் 411.205ஆம் பிரிவு. காட்டத் தவறினால் முன்பு தண்டனை இருந்தது. 2009இல் சட்டமன்றம் அதை எடுத்துவிட்டது. கடமை உண்டு, மீறினால் தண்டனை இல்லை என்ற விசித்திரமான நிலை அன்று முதல் நீடிக்கிறது. நீங்களோ எதையும் மறைக்கவில்லை, வாய்விட்டே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது வெறும் எச்சரிக்கைத் தாள். அது தீர்ப்பும் அல்ல, தண்டனையும் அல்ல. அதனால் குடியுரிமை தடைபடாது. ஆனால் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காவல்துறையோடு உங்களுக்கு நேர்ந்தவற்றைப் பற்றி விண்ணப்பப் படிவத்தில் கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் எழுதும் முன் இந்தத் தாளைக் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அந்தக் காவலர் செய்ததும் சட்டத்துக்குள்தான் அடங்குகிறது. இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். காலாவதியான நம்பர் பிளேட்டுக்காகப் பிலடெல்பியாவில் நிறுத்தப்பட்ட ஒருவரின் வழக்கில், 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. முறையாக நிறுத்தப்பட்ட வண்டியின் ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்வதற்குக் காவலரிடம் தனிக் காரணம் இருக்க வேண்டியதில்லை. மிம்ஸ் வழக்கு என்பார்கள். 1997இல் மேரிலாந்தில் எழுந்த வில்சன் வழக்கில் அதே விதியைப் பயணிகளுக்கும் நீட்டினார்கள். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது. 411.207ஆம் பிரிவின்படி, யாருடைய பாதுகாப்புக்காவது அது தேவை என்று நியாயமாக நினைத்தால் காவலர் வாங்கி வைக்கலாம். கைது இல்லை, ஆபத்தும் இல்லை என்றால், உங்களை அங்கிருந்து அனுப்பும் முன்பே திருப்பித் தர வேண்டும். உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அவருக்கும் எல்லை உண்டு. எதற்காக நிறுத்தினாரோ அந்த வேலை முடிந்த பிறகு, புதிய சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் உங்களை அங்கேயே காக்க வைக்கக் கூடாது என்று 2015இல் ரோட்ரிகஸ் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. உரிமங்களைச் சரிபார்த்து, எச்சரிக்கைத் தாள் எழுதுவதற்கு இருபது நிமிடம் என்பது அந்த எல்லைக்குள் வரும். மோப்ப நாய் வரும் வரை நில் என்று சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவர் தகாத சொல் எதுவும் சொல்லியிருந்தால், எழுத்தில், கையொப்பமிட்டுப் புகார் கொடுக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. பயந்துபோன ஒரு மனிதர் கத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஏன் பயந்தார் என்பதில்தான் உங்களுக்குப் பயன்படும் விஷயம் இருக்கிறது. ‘கன்’ என்ற சொல்லும், பெட்டியை நோக்கிப் போன கையும் ஒரே நொடியில் நடந்துவிட்டன. பக்கத்தில் நிற்கும் சக காவலரை எச்சரிக்க அமெரிக்கக் காவலர்கள் கத்தும் சொல்லே அதுதான். உரிமம், மரியாதை, நேர்மை எல்லாம் உங்கள் மனத்தில் இருந்தன. வெளியே நின்றவருக்குத் தெரிந்தது அந்தச் சொல்லும் அந்தக் கையும் மட்டும்தான்.

இந்தக் கேள்வியோடு என் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். காவலர் உங்கள் ஜன்னலருகே நிற்கும் நேரத்தில் உங்கள் கைகளுக்கு எந்த வேலையும் இருக்கக் கூடாது. என்ன பேசுவது என்று எல்லோரும் ஒத்திகை பார்க்கிறார்கள். கை எங்கே போக வேண்டியிருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அதனால் இன்று மாலையே வண்டியில் ஒரு மாற்றம் செய்யுங்கள். காப்பீட்டு அட்டை, ஓட்டுநர் உரிமம், துப்பாக்கி உரிமம் மூன்றையும் ஒன்றாக ஒரு சிறிய உறையில் போட்டு, கண்ணெதிரே உள்ள வெயில் மறைப்பில் செருகுங்கள், அல்லது டாஷ்போர்டில் ஒரு கிளிப்பில் மாட்டுங்கள். துப்பாக்கி ஒரு பக்கம் என்றால் காகிதங்கள் மறுபக்கம். நடுப்பெட்டியிலும் டாஷ்போர்டு அறையிலும் இரண்டையும் சேர்த்துப் போடும் வழக்கம் நம்மவர்களிடம் மட்டுமல்ல, மூன்று தலைமுறையாக டெக்சஸில் இருக்கும் குடும்பங்களிலும் இருக்கிறது. நான் பார்க்கும் பாதித் தகராறுகள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் கிளம்புகின்றன. துப்பாக்கியை இடுப்பில் உறையோடு வைத்திருந்தால், பர்ஸை அதே பக்கத்துப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். வண்டிக்குள் பிறர் கண்ணில் படும்படி துப்பாக்கி இருந்தால் அது உறைக்குள் இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். இருக்கை மேல் வெறுமனே போட்டு வைப்பது குற்றம்.

பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றதும் சிக்னல் போட்டு வலப்பக்கம் ஒதுங்குங்கள். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். கண்ணாடியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் பகுதியில் விரல் விரித்து வையுங்கள். அதன் பிறகு எதையும் தேடாதீர்கள். ரோந்து காரில் இருப்பவர் இறங்கும் முன்பே உங்கள் தலையையும் தோளையும் கவனித்துக்கொண்டிருப்பார். நீங்கள் குனிந்து பர்ஸைத் தேடினாலும், இருக்கைக்கு அடியில் எதையோ ஒளிப்பதாகத்தான் அவர் கணக்கில் பதிவாகும்.

நம்மூர்ப் பழக்கம் சிலவற்றை இங்கே கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு இறங்கி அவரிடம் நடந்து போவதுதான் மரியாதை. உட்கார்ந்தபடியே இருந்தால் திமிர் என்பார்கள். இங்கே அப்படியே தலைகீழ். சொல்லாமல் கதவைத் திறந்து இறங்குவதைத் தாக்குதலின் முதல் அடியாகப் பார்க்கும்படி அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா பின்னிருக்கையில் இருந்தால், ‘நான் பேசுகிறேன், நீ இரு’ என்று அவர் கதவைத் திறக்கப் போவது நிச்சயம்; அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காவலர் நிற்கும்போது மனைவியோடு தமிழில் அவசரமாகப் பேசிக்கொள்வதும் வேண்டாம். என்ன பேசினீர்கள் என்பது அவருக்குப் புரியாது, குரல் உயர்ந்தது மட்டும் கேட்கும். அப்புறம் நம் தலையாட்டல். வண்டியைச் சோதிக்கலாமா என்று அவர் கேட்கும்போது, கேள்வி காதில் விழுந்தது என்ற பொருளில் நாம் ஆட்டும் தலை, நீதிமன்றத்தில் சம்மதமாக வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கேள்விக்கும் வாயால் பதில் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியது மிகக் குறைவு. அவர் உரிமம் கேட்டதும், கைகள் ஸ்டீயரிங்கில் இருக்க, இப்படித் தொடங்குங்கள்: ‘ஆபிசர், ஐ ஹாவ் எ டெக்சஸ் லைசென்ஸ் டு கேரி.’ உரிமம் என்ற சொல் முதலில் வந்துவிட வேண்டும். பிறகு ஆயுதம் உங்களிடம் இருக்கிறது என்பதையும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ‘உறையில், வலது இடுப்பில்’ என்பது போல. காகிதங்கள் வெயில் மறைப்பில் இருக்கின்றன, எடுக்கட்டுமா என்று கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகே கை அசையட்டும். மெதுவாக, ஒரு கையால். இரண்டு உரிமங்களையும் ஒன்றாக நீட்டினால் 411.205 கேட்கும் கடமையும் அதோடு முடிந்துவிடும். மறைத்து வைக்கலாமே என்று சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். உங்களைப் போல உரிமம் வைத்திருப்பவருக்கு அந்த வாதம் வீண். ஓட்டுநர் உரிமத்தைக் கணினியில் சரிபார்த்ததுமே துப்பாக்கி உரிமம் இருப்பதும் திரையில் வந்துவிடும். அவராகக் கண்டுபிடித்துக்கொண்டு உங்களிடம் திரும்பி நடந்து வருவதைவிட, நீங்கள் முன்பே சொல்லியிருப்பது நல்லது.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, தடை ஏதும் இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படிப் போகிறவருக்கு, கேட்காமலே சொல்ல வேண்டும் என்ற கடமை இந்த மாநிலத்தில் இல்லை. பிறகு உரிமம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அந்த மாநிலமே வழங்கிய உரிமம் உங்களிடம் இருந்தால் அதிலிருந்து விலக்கு. ஹூஸ்டனில் ஒரு பள்ளியைக் கடக்காமல் எந்தத் தெருவில் போவீர்கள்? உரிமத்தைக் கைவிடாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவருக்கு ஆபத்தே வராது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவின் பால்கன் ஹைட்ஸில் பிலாண்டோ காஸ்டீல் என்ற 32 வயதுக் கறுப்பினத்தவர் நிறுத்தப்பட்டார். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். துப்பாக்கி உரிமம் வைத்திருந்தவர். பிரேக் விளக்கு எரியவில்லை என்பதுதான் அவரிடம் சொல்லப்பட்ட காரணம். காவலர் உரிமமும் காப்பீட்டு அட்டையும் கேட்டார். காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டு, தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக அமைதியாக, ‘சார்’ போட்டுச் சொன்னார் காஸ்டீல். மினசோட்டாச் சட்டப்படி, காவலர் கேட்டால் சொன்னால் போதும். அவர் கேட்காமலே சொன்னார். அப்படியானால் அதைத் தொடாதே என்றார் காவலர். அதை எடுக்கவில்லை என்றார் காஸ்டீல். அடுத்த சில நொடிகளில் ஏழு குண்டுகள். பக்கத்து இருக்கையில் அவருடைய தோழி, பின்னிருக்கையில் தோழியின் நான்கு வயது மகள். சுட்ட காவலர் 2017 ஜூனில் விடுதலையானார்.

காஸ்டீல் தவறாக நடந்துகொண்டார் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் பேச்சில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. உரிமத்தைக் கொடு என்ற ஆணைக்கும், தொடாதே என்ற ஆணைக்கும் நடுவில் ஒரு கை மாட்டிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். உரிமத்துக்காக எங்கும் துழாவத் தேவையில்லாத நிலையை நாம் முன்பே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்றுக்கொன்று முரணான ஆணைகள் வந்தால் கையை அப்படியே வைத்துக்கொண்டு, ‘என் கைகள் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன, நீங்கள் சொல்லும் வரை அசைக்கமாட்டேன்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். எல்லா நிறத்தவருக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாமும் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

துப்பாக்கியைத் தரச் சொன்னால் நீங்களாக உருவாதீர்கள். ‘நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேளுங்கள். பெரும்பாலான காவலர்கள் உங்களை இறக்கித் தாங்களே எடுக்கத்தான் விரும்புவார்கள். திருப்பித் தரும்போது மேகசின் எனும் தோட்டா அடுக்கு தனியாகவும் துப்பாக்கி தனியாகவும் வரும். அந்தச் சாலையோரத்தில் அதை மீண்டும் பூட்டி நிரப்ப வேண்டாம், அப்படியே வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மரியாதையாக, தெளிவாக, சம்மதமில்லை என்று சொல்லலாம். மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். அதை என்னைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம். விதிமீறலுக்கு எழுதித் தரும் டிக்கெட்டில் கையொப்பம் போடச் சொன்னால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, ஆஜராவேன் என்ற உறுதிமொழி மட்டுமே. வாதம் செய்து காவலரைச் சூடேற்றினால் கைது வரையில் போகலாம். ஆஸ்டின் அருகே லேகோ விஸ்டாவில் சீட் பெல்ட் போடாததற்காக ஒரு தாயைக் கைவிலங்கிட்டுக் கொண்டு போனதைக்கூட 2001இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றுதான் சொன்னது.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது ஐ-10 சம்பவம் அல்ல, கடைசி வரி. எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி இந்த வண்டியை எடுத்துப் போகிறார் என்கிறீர்கள். அப்போது துப்பாக்கி எங்கே இருக்கிறது?

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, உங்கள் பெற்றோர் வரும் பி-2, எல்லாம் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு. டெக்சஸில் உரிமமே தேவையில்லை என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். மாநிலச் சட்டம் திறந்துவிட்ட கதவை மத்தியச் சட்டம் இவர்களுக்கு மூடியே வைத்திருக்கிறது. இதற்கான அதிகபட்சச் சிறைத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டுகள். வாங்கினால்தான் குற்றம் என்பதில்லை. துப்பாக்கி இருப்பது தெரிந்து, கைக்கெட்டும் தூரத்தில் அதை வைத்துக்கொண்டு ஓட்டினாலே, வைத்திருந்ததாக வழக்குப் போடலாம். மாணவர் விசாவில் வந்து, படிப்பில் பின்தங்கியதால் பல்கலைக்கழகம் நீக்கிய ஓர் ஐக்கிய அரபு அமீரக இளைஞர், புளோரிடாவில் துப்பாக்கி சுடும் கூடத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். அதற்காகவே மத்திய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். ரெஹைஃப் வழக்கு அது. தான் தடைசெய்யப்பட்ட பிரிவில் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் தம்பி இந்தப் பகுதியைப் படித்தால் அந்த வாதமும் அவருக்குப் போய்விடும்! அதனால் சாவியைக் கொடுக்கும் முன் துப்பாக்கி வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். தோட்டாவும்தான். வார இறுதியில் வேடிக்கைக்குச் சுடும் கூடத்துக்கு அவரை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு கிரீன் கார்டு இருப்பதால் அந்தத் தடை இல்லை. ஆனால் குடிமகனுக்கு இல்லாத ஒரு கத்தி உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. துப்பாக்கி தொடர்பான எந்தக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலும், சிறிய குற்றமே ஆனாலும், நாடு கடத்த அதுவே காரணமாகலாம் என்கிறது குடிவரவுச் சட்டம். வந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற கணக்கு அங்கே எடுபடாது. மது அருந்திவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், வண்டியில் இருக்கும் துப்பாக்கியால் இரண்டாவது குற்றச்சாட்டு ஒன்று சேரக்கூடும். முதலாவதைவிட அதுதான் உங்களை ஊருக்கு அனுப்பும். அப்போது அரசு வழக்கறிஞர் ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ என்று ஒரு சமரசத்தை நீட்டுவார். நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் தண்டனை பதிவாகாது என்பார், டெக்சஸ் சட்டப்படி அது உண்மையும்கூட. குடிவரவுச் சட்டமோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாலேயே அதைத் தண்டனையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். குற்றவியல் வழக்கறிஞர் இந்த விளைவைத் தன் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் படியா வழக்கில் தீர்ப்பானது. சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எடிசன் பயணத்துக்கு என் பதில் சுருக்கமானது: துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள். நியூ ஜெர்சி, மேரிலாந்து, நியூயார்க் எதுவும் டெக்சஸ் உரிமத்தை ஏற்பதில்லை. ஷனீன் ஆலன் என்ற பிலடெல்பியாப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், பென்சில்வேனியா உரிமத்தோடு 2013இல் நியூ ஜெர்சிக்குள் வண்டி ஓட்டிப் போனார். சாதாரணமாகத்தான் ஒரு காவலர் வண்டியை நிறுத்தினார். உங்களைப் போலவே நேர்மையாகத் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். அங்கேயே கைது. குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டு சிறை என்ற நிலையில் நின்றார். ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2015இல் மன்னிப்பு வழங்கியதால் மீண்டார். அவர் அமெரிக்கக் குடிமகள். உங்கள் நிலையில் ஒருவருக்கு ஆளுநர் மன்னிப்பு கொடுத்தாலும் குடிவரவுத் துறையோடு வழக்கு தனியாக ஓடும்.

கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில், பின்புற டிக்கியில், கைக்கெட்டாதபடி வைத்தால், இரு முனைகளிலும் சட்டப்படி வைத்திருக்க உரிமை உள்ளவர் இடையிலுள்ள மாநிலங்களைக் கடந்து போக மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உங்களுக்குப் போய்ச் சேரும் இடமே நியூ ஜெர்சி. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது.

லூசியானாவுக்கு லேக் சார்ல்ஸ் வரை போய்வருவது வேறு. அங்கே டெக்சஸ் உரிமம் செல்லும். ஆனால் காவலர் அணுகியதுமே, அவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்ல வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். மிச்சிகனில் உடனே சொல்லாவிட்டால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதம், ஆறு மாதம் உரிமம் முடக்கம். ஒஹையோவில் 2022 வரை உடனே சொல்ல வேண்டியிருந்தது. இப்போது காவலர் கேட்டால்தான். போன வருடம் நண்பர் சொன்னதை நம்பி எல்லை தாண்டாதீர்கள். புறப்படும் வாரத்தில் அந்தந்த மாநிலக் காவல்துறையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள்.

மனைவி சொல்வதற்கு வருகிறேன். அது குடும்ப விஷயம் என்று நழுவிவிடலாம், ஆனால் கேட்டுவிட்டீர்கள். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். அவருக்கு இது பழகவில்லை என்றால் அதில் வியப்பில்லை. நீங்கள் துப்பாக்கி வாங்கிய காரணம் வசூல் பணம். கடைக்கே வந்து பணத்தை வாங்கி வங்கியில் சேர்க்கும் கவச வாகன நிறுவனங்கள் ஹூஸ்டனில் இருக்கின்றன. மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரியுங்கள். பணத்தோடு இரவில் ஓட்ட வேண்டிய தேவையே போய்விட்டால், துப்பாக்கியை வைத்துக்கொள்ள உங்களுக்கு மிச்சம் இருக்கும் காரணம் என்ன என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம். என்னைக் கேட்டால், பணத்தை வேறு வழியில் அனுப்பிவிட்டுத் துப்பாக்கியை விற்றுவிடுவேன். வைத்துக்கொள்வதானால், மகளுக்கு எட்டாதபடி பூட்டிய பெட்டி அவசியம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில், தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விடுவது டெக்சஸில் தனிக் குற்றம். அதுவும் துப்பாக்கிக் குற்றம்தான் என்பதை மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

விற்பது என்று முடிவானால், தெரிந்தவர், நம்மவர் என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். அவர் என்ன விசாவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் போகலாம். தடை உள்ளவருக்குத் தெரிந்தே விற்பதும் குற்றம். மத்திய அரசின் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் விற்று, துப்பாக்கியின் தொடர் எண் எழுதிய ரசீதை வாங்கி, அந்த எச்சரிக்கைத் தாளோடு சேர்த்து வையுங்கள்.